கோச்சியும் கட்டுநாயக்கவும்

எங்கள் அப்பாயிக்கு ஒரு மகள் தூரம் போனாள். என் மனைவிக்கும் ஒரு மகள் தூரம் போனாள். முதலாவது 1974இல், கண்டி ரயில் நிலையத்திலிருந்து தலைமன்னார் வழியாக இந்தியாவுக்கு. இரண்டாவது 2022 நவம்பரில், கட்டுநாயக்கவிலிருந்து மெல்பேர்ணுக்கு. இரண்டு தடவையும் நான் பக்கத்தில் நின்றேன். முன்னது நடந்தபோது எனக்கு எட்டு வயது. அப்பாயியின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னதில் பெட்டியைத் தராசில் தூக்கி வைத்த தகப்பன் நான்.

பிள்ளை போனால் பெற்றவள் அழுவாள், இதில் ஒப்பிட என்ன கிடக்கிறது என்று தோன்றலாம். எனக்கும் அப்படித்தான் தோன்றியிருந்தது. மகள் போய் நாலைந்து மாதம் கழித்து, ஒரு நாள் மத்தியானம் மனைவி சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுவதைப் பார்த்தேன். தண்ணீர்ச் சத்தத்தில் அழுகை கேட்கக் கூடாதாம். அப்போதுதான் அப்பாயியின் ஞாபகம் வந்தது. அவள் அழுதது கண்டி ஸ்டேசன் முழுக்கக் கேட்டது.

அப்பாயியின் கதையில் முதலில் வருவது ஓர் ஒப்பந்தம். 1948இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத்துச் சனத்தை நாடில்லாதவர்களாக்கியது. பதினாறு வருடம் கழித்து, 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி, சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள். 9 இலட்சத்து 75 ஆயிரம் பேர் என்று கணக்கெடுத்து, 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு, 1974இல் சிறிமாவும் இந்திரா காந்தியும் பாதிப் பாதியாகப் பங்கு போட்டார்கள். தேங்காய் உடைத்தால்கூட இவ்வளவு சுளுவாக இரண்டாகாது.

கணக்கு ஆட்களைப் பிரித்தது, குடும்பத்தைக் கேட்கவில்லை. வயது வந்த பிள்ளைகள் தங்கள் பெயரில் தனியாக விண்ணப்பம் போட வேண்டும். கல்யாணம் முடித்த மகள் மாப்பிள்ளை வீட்டு விண்ணப்பத்தோடு போவாள். இப்படி ஒரே லயத்தில், ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் தகப்பன் இலங்கைப் பிரஜை, அந்தப் பக்கம் மகள் இந்தியப் பிரஜை என்று ஆனது. தாத்தாவும் என் அப்பாவும் இலங்கைக்குப் போட்டிருந்தார்கள். அத்தையைக் கட்டிக்கொடுத்த புசல்லாவைக் குடும்பம் இந்தியாவுக்குப் போட்டிருந்தது. 1973, 74இல் தோட்டங்களில் வந்த பஞ்சம் இந்தியா பக்கம் இருந்தவர்களின் தயக்கத்தையும் தீர்த்துவைத்தது. மாவும் இல்லை, அரிசியும் இல்லை. இருந்து என்ன செய்ய? மாமா கண்டியிலிருந்த இந்திய உதவி உயர்ஸ்தானிகர் அலுவலகத்துக்கு நடையாய் நடந்து பாஸ்போர்ட் வேலையை முடித்தார்.

கலஹா பக்கத்துத் தோட்டத்திலிருந்து லொறியில் கண்டிக்கு வந்தோம். போகிறவர்கள் ஏழு பேர், அனுப்ப வந்தவர்கள் அறுபது பேருக்குக் குறையாது. தகரப் பெட்டியில் வெள்ளைப் பெயின்டால் மாமாவின் பெயரும் அதற்குக் கீழே ‘மண்டபம்’ என்றும் எழுதியிருந்தது. எழுதியவர் தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார். அவசரத்தில் ‘ண’வுக்குப் புள்ளி விட்டுப்போனதை நான் கண்டுபிடித்துச் சொன்னேன். “பரவாயில்லடா, அங்க போய் வச்சிக்குவாங்க” என்றார்.

அப்பாயி ஒப்பாரி வைத்தாள். உயிரோடு முன்னால் நிற்கிற மகளுக்கு. இழவு வீட்டில் பெண்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்வார்களே, அதே மாதிரி பிளாட்பாரத்தில் வட்டம் கட்டி உட்கார்ந்தார்கள். நடுவில் அத்தை. பக்கத்தில் வேறு தோட்டத்துக்காரர்கள் இன்னொரு வட்டம். ஸ்டேசன் மாஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு அது பழகிப்போயிருந்திருக்கும். அந்த ரயிலுக்கே ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வந்தது இதனால்தான். மலையக எழுத்தாளர் மு. சிவலிங்கம் தம் சிறுகதைத் தொகுதி ஒன்றுக்கு அந்தப் பெயரையே வைத்தார். பேராதனை, கடுகண்ணாவை, பொல்காவலை, மாஹோ, அநுராதபுரம், மதவாச்சி, மன்னார், கடைசியில் தலைமன்னார் பியர். அங்கிருந்து கப்பல். அப்பாயிக்கு இந்த ஊர்ப் பெயர்கள் சாகும்வரை வரிசையாகத் தெரியும். அவள் கண்டியைத் தாண்டிப் போனவளில்லை.

திரும்பி வந்த பிறகு பத்துப் பதினைந்து நாள் எங்கள் வீட்டில் அடுப்பு சரியாக எரியவில்லை. லயத்துப் பெண்கள்தான் மாறி மாறிச் சோறு கொண்டுவந்தார்கள். அழாதே என்று அப்பாயியிடம் யாரும் சொன்னதாக நினைவில்லை. “அழுதுருடி, அழுதுட்டா லேசாயிரும்” என்பார்கள். கொழுந்து மலையில் நின்று அவள் சத்தமாகத் திட்டுவாள்: “அந்த ரெண்டு நாட்டுக்காரனுகளும் வெளங்கவே மாட்டானுக.” சாஸ்திரி செத்து எட்டு வருடம் ஆகியிருந்தது அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் விட்டிருக்க மாட்டாள்.

இந்தத் திட்டில்தான் இரண்டு தாய்மாரும் பிரிகிறார்கள். அப்பாயிக்குத் திட்ட ஆள் இருந்தது. மகள் போனதற்கு மகள் காரணமில்லை, மாப்பிள்ளை காரணமில்லை, தான் காரணமில்லை. காரணம் ஒரு கடுதாசி. அதில் கையெழுத்துப் போட்ட இரண்டு பேர். துக்கத்துக்கு வெளியே ஒரு குற்றவாளி இருந்ததால் தாயும் மகளும் ஒருவரையொருவர் நொந்துகொள்ளாமல் ஒரே பக்கம் நின்று அழ முடிந்தது.

என் மனைவியின் கதையில் ஒப்பந்தமில்லை. 2022 ஏப்ரலில் நாடு கடனைத் திருப்பிக் கட்ட முடியாது என்று அறிவித்தது. பெற்றோலுக்கு வரிசை, காஸுக்கு வரிசை, பிறகு பாஸ்போர்ட்டுக்கு வரிசை. அந்த ஒரு வருடத்தில் வெளிநாட்டு வேலைக்கு மட்டும் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பதிவு செய்து போனார்கள். படிக்கப் போனவர்கள் அதில் சேரமாட்டார்கள். எங்கள் மகள் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் முடித்தவள். மேற்படிப்புக்கு விசா கிடைத்தது. வரிசைகளையெல்லாம் காரணமாகச் சொல்லலாம்தான். ஆனால் மனைவிக்கு அது ஒட்டவில்லை. “படி, நல்லாப் படிச்சா எங்க வேணும்னாலும் போகலாம்” என்று ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் காலத்திலிருந்து மகளிடம் சொன்னது யார்? கட்டுக்கலையில் வீடு எடுத்ததே டியூஷனுக்குப் பக்கம் என்றுதான். போகச் சொன்னதும் நாங்கள், போனதற்கு அழுவதும் நாங்கள். திட்டுவதற்கு ஆள் தேடினால் கண்ணாடியில்தான் நிற்கிறது.

இன்னொன்றும் உண்டு. விசா வந்ததை யாரிடமும் சொல்லக் கூடாது என்று வீட்டில் முடிவு. கண் பட்டுவிடும், கடைசி நேரத்தில் ஏதாவது தடங்கும். இந்தப் பயம் இப்போது கண்டியில் எல்லா வீட்டிலும் இருக்கிறது. பிள்ளை போய்ச் சேர்ந்து பனியில் நிற்கிற படத்தைப் போட்ட பிறகுதான் பக்கத்து வீட்டுக்கே தெரியும். இந்தத் தந்திரத்துக்கு நாங்கள் கொடுத்த விலையைப் பிறகுதான் உணர்ந்தேன். போவது இரகசியம் என்றால் அழுகையும் இரகசியம். கண்டி ஸ்டேசனில் அறுபது பேர் நின்ற இடத்தில் எங்கள் வேனில் ஐந்து பேர்.

இந்த விஷயத்தில் அக்குறணை, மடவளைப் பக்கத்து முஸ்லிம் வீடுகள் எங்களைவிடச் சாமர்த்தியம். தூரப் பயணம் போகிறவர் சொந்தபந்தம், அயலவர் வீடுகளுக்கெல்லாம் போய்ப் ‘பயணம் சொல்லி’, தெரிந்தோ தெரியாமலோ செய்த பிழையைப் பொறுக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் புறப்படுவார். மகளோடு படித்த ஒரு பிள்ளை கட்டாருக்குப் போகும்போது எங்கள் வீட்டுக்கும் வந்து சொல்லிவிட்டுப் போனாள். அவள் போன பிறகு அவள் உம்மாவைக் கடைத்தெருவில் கண்டவர்கள் எல்லாரும் நின்று பேசினார்கள். யாருக்கும் விஷயம் புதிதில்லை. சிங்கள வீடுகளில் பிள்ளை மண்டியிட்டுத் தாய் தகப்பனை வணங்கிவிட்டுப் போகும். அந்த ஒரு நிமிடத்தில் பெற்றவர்களுக்கு ஒரு வேலை கிடைக்கிறது: கையைத் தலையில் வைப்பது. எங்கள் மகளும் காலில் விழுந்தாள், இல்லையென்று சொல்லவில்லை. வேன்காரர் ஹோன் அடித்துக்கொண்டிருந்தார்.

புறப்படுவதற்கு முந்தின இரவு பெட்டி நிறுத்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 30 கிலோதான் அனுமதி. தராசு 34 காட்டியது. மகள் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். அவள் அம்மா கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மிளகாய்த்தூள் பக்கெட் இரண்டில் ஒன்று வெளியே வந்தது. மாசி வெளியே வந்தது. சமஹன் பெட்டி உள்ளேயே இருந்தது, சித்தாலேப டப்பாவும். கடைசியாகச் சீனிச் சம்பல் போத்தல். மூன்று நாள் முன்னால் வெங்காயம் வெட்டி, மெதுவான நெருப்பில் ஒன்றரை மணித்தியாலம் கிண்டி, ஆறவிட்டு, போத்தலில் போட்டு, மூடிக்கு மேல் பொலித்தீன் சுற்றி றப்பர் பாண்ட் போட்டது. மகள் அதைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள். “அது எதுக்கு, அங்க எல்லாம் கிடைக்கும்” என்றாள் அம்மா. தராசு 30.2 காட்டியது. போத்தல் ஃபிரிட்ஜுக்குப் போனது.

சொந்தக்காரர்களுக்கு விஷயம் தெரிந்த பிறகு வந்த தொலைபேசி அழைப்புகள் எல்லாம் ஒரே மாதிரி: “குடுத்து வச்சவங்க.” குடுத்து வைத்தவள் எப்படி அழுவாள்? மகளே போனில் கேட்டாள்: “ஏம்மா அழுறீங்க? நான் நல்லாத்தானே இருக்கேன்?” இந்தக் கேள்வியை நல்ல பிள்ளைகள்தான் கேட்கிறார்கள்; அதுதான் இதில் சங்கடம். அம்மா அழுவதைத் தன்மேல் வைத்த புகாராகக் கேட்கிறாள் பிள்ளை. புகார் என்றால் பதில் சொல்ல வேண்டும், நிரூபிக்க வேண்டும், தீர்க்க வேண்டும். “நான் திரும்பி வந்திரவா?” என்று ஒரு நாள் கேட்டாள். “சீச்சீ, பைத்தியமா?” என்றாள் அம்மா. இரண்டும் மனதிலிருந்து வந்த பேச்சில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

அமெரிக்காவில் பொலின் பொஸ் என்ற ஆய்வாளர் எழுபதுகளிலிருந்து இந்தக் குழப்பத்தைப் பற்றி எழுதிவருகிறார். ஆள் இருக்கிறார், ஆனால் இல்லை. இல்லை, ஆனால் செத்துப்போகவில்லை. இப்படி வரையறை இல்லாத இழப்புக்குச் சடங்கும் கிடையாது, முடிவும் கிடையாது, அதனால் மனம் அந்தரத்தில் நிற்கிறது என்பது அவர் கருத்து. காணாமல் போனவர்களின் குடும்பங்களிலிருந்து தொடங்கியவர், புலம்பெயர்வையும் இதில் சேர்க்கிறார். அப்பாயியின் லயத்துப் பெண்கள் இதற்குத் தங்கள் வழியில் ஒரு தீர்வு கண்டிருந்தார்கள் என்று எனக்குப் படுகிறது. இது சாவு மாதிரித்தான் என்று முடிவுகட்டி, சாவுச் சடங்கையே எடுத்துப் போட்டார்கள். முரட்டுத் தீர்வுதான். ஆனால் அழுது முடித்த பிறகு மலைக்கு ஏறக் கால் வந்தது.

இதற்காக அந்தக் காலம் மேல் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். ஒரு தலைமுறையைக் கணக்கில் பிரித்து ஏற்றி அனுப்பிய அநியாயம் அது. அப்பாயி அத்தையை மறுபடி பார்க்கவேயில்லை. 1981 ஒக்டோபரோடு ஒப்பந்தத்தின் காலம் முடிந்தது, 83இல் கலவரம், 84இல் கப்பலும் நின்றது. 87இல் அப்பாயி போனபோது தந்தி அடித்தோம். அது நீலகிரியில் அத்தை கைக்குக் கிடைத்த நேரம் இங்கே எட்டாம் நாள் முடிந்திருந்தது. போன மாதம் பக்கத்து ஒழுங்கையில் ஒரு பெரியவர் தவறினார். டொரன்டோவிலிருக்கும் மகன் மஹியாவ மயானத்தில் நடந்த கிரியையை முதலிலிருந்து கடைசிவரை போனில் பார்த்தான். போனைப் பிடித்திருந்தவர் கை வலித்து மாற்றியபோது, அவன் “அங்கிள், கொஞ்சம் இடப்பக்கம்” என்று சொன்னது எங்களுக்கெல்லாம் கேட்டது. அத்தைக்கு அந்தக் கொடுப்பினைகூட இல்லை.

கடிதத்தையும் காணொளி அழைப்பையும் பக்கத்தில் வைத்தால் இன்னொன்று தெரிகிறது. லயத்துக்கென்று தனி விலாசம் கிடையாது. கடிதம் தோட்டத்து விலாசத்துக்கு வரும், தபால்காரர் கொண்டுவந்து ஒபிசில் போடுவார், ஒபிஸ் பெடியன் மனம் வைத்தால் பிரட்டில் கையில் கிடைக்கும். அது ஓர் அவமானம்தான். இன்னும் எத்தனையோ தோட்டங்களில் தீராத அவமானம். ஆனால் அந்தக் கடிதம் அப்பாயிக்கு மட்டும் வரவில்லை. அவளுக்கு வாசிக்கத் தெரியாது. மாலை வாத்தியார் எங்கள் இஸ்தோப்பில் உட்கார்ந்து வாசிப்பார், ஏழெட்டுப் பேர் கேட்பார்கள். அத்தை பந்தலூர்ப் பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் இருந்தாள். தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கவென்று தமிழ்நாடு அரசு 1968இல் தொடங்கிய திட்டம் அது, 76இல் டான்டீ என்று கழகமானது. ‘இங்கும் கொழுந்துதான், குளிர்தான், அட்டையும் உண்டு’ என்று எழுதியிருப்பாள். பதில் எழுத வாத்தியார் பேனாவைத் திறந்ததும், கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ஆளுக்கு ஒரு வரி சொல்வார்கள். “நானும் கேட்டேன்னு எழுதுங்க சார்.” “எங்க வீட்டு மாடு கன்னு போட்டிருச்சுன்னு எழுதுங்க.” கடைசியில் அப்பாயியின் துக்கத்துக்கு நாலு வரிதான் இடம் மிஞ்சும். அதுவும் நல்லதுக்குத்தான்.

இப்போது போன் ஒரு நாளைக்கு ஒரு தடவை வருகிறது. கண்டியில் பகல் ஒன்றரை என்றால் மெல்பேர்ணில் கோடையில் இரவு ஏழு, குளிர்காலத்தில் மாலை ஆறு. ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் அவர்கள் கடிகாரத்தை மாற்றும்போது என் மனைவிக்கு ஒரு வாரம் தலை சுற்றும். (எங்கள் நாடு 1996இல் கடிகாரத்தை மாற்றி, மறுபடி மாற்றி, பத்து வருடம் கழித்துப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து வைத்தது, அப்போது அவள் ஒன்றும் சொல்லவில்லை.) ஒன்றேகாலுக்கே முகம் கழுவிப் பொட்டு வைப்பாள். நல்ல வெளிச்சம் விழுகிற ஜன்னல் பக்கம் நாற்காலி. பதினைந்து நிமிடம் சிரித்துப் பேசுவாள். வைத்ததும் படுத்துவிடுவாள். அந்தப் பக்கத்தில் மகளும் அப்படித்தான் என்று அவளோடு தங்கியிருந்த பெண் பிறகு சொன்னாள். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் நாடகம் போட்டார்கள். பார்க்க ஊரில்லாத நாடகம்.

மகள் முதல் சம்பளத்தில் வரவேற்பறைக்கு ஒரு கமரா அனுப்பினாள், நாங்கள் விழுந்து கிழுந்து போனால் தெரியவேண்டுமென்று. ஒரு வாரத்தில் மனைவியின் நாற்காலி இடம் மாறிவிட்டது. டிவி சரியாகத் தெரியாத மூலை அது. ஆனால் கமராவுக்குத் தெரியும். “இப்ப அது பார்க்குதாங்க?” என்று கேட்பாள். எனக்கு எப்படித் தெரியும்?

பிள்ளையின் கடிதத்துக்காகக் காத்திருப்பது இந்த மலைகளுக்குப் புதிதுமில்லை. எங்கள் தோட்டத்துக்குப் பக்கத்து மலைதான் லூல்கந்துர. 1852இல் ஸ்கொட்லாந்தின் கின்கார்டின்ஷயரிலிருந்து பதினேழு வயது நிறையாத ஒரு பையன் கோப்பித் தோட்ட வேலைக்குக் கண்டிக்கு வந்தான். ஜேம்ஸ் டெய்லர். 1867இல் அங்கே தேயிலை போட்டு, இந்தத் தீவின் தலையெழுத்தை மாற்றியவர். தாயைச் சிறு வயதிலேயே இழந்தவர். தகப்பனுக்கு எழுதிய கடிதங்கள் இன்றும் ஸ்கொட்லாந்தின் தேசிய நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. ஊருக்குத் திரும்பிப் போகவேயில்லை. 1892இல் செத்து, மஹியாவயில்தான் கிடக்கிறார். அவர் கீழே வேலை செய்த ஆட்களும் யாரோ பெற்ற பிள்ளைகள்தான். மதுரை, திருச்சி, சேலம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து நடந்தும் கடல் கடந்தும் காட்டுவழியாக வந்தவர்கள். ‘கண்டிச் சீமைக்குப் போனான்’ என்பதோடு அங்கே கதை முடியும். ஒரே மலையில் இரண்டு பிள்ளைகள். ஒரு தகப்பனுக்குக் கடிதம் போனது, மற்றத் தகப்பனுக்கு ஒன்றும் போகவில்லை. அந்த இரண்டாவது தகப்பனின் துக்கத்தைத் தேட எந்த நூலகத்துக்குப் போவது?

2011இல் நான் பந்தலூருக்குப் போய் அத்தையைப் பார்த்தேன். முப்பத்தேழு வருடம். அவளுடைய மூத்த மகன் துபாயில் மின்வேலை. அதாவது, கோச்சியில் ஏறிப் போனவளும் அவள்தான், இப்போது போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவளும் அவள்தான். இந்த ஒப்பீட்டின் இரண்டு தட்டிலும் ஏறி இறங்கிய ஒரே ஆள். நான் கேட்கவில்லை, தானாகவே சொன்னாள்: “எங்க ஆத்தா அழுதப்ப ஊரே அழுதுச்சு தம்பி. அதைப் பார்த்துட்டு நான் நிம்மதியாப் போனேன், ஆத்தாளைப் பார்த்துக்க ஆளு இருக்குன்னு. இவன் போகயில நான் அழலே. அழுதா போகமாட்டான்னு பயம். இப்ப அவன் சொல்றான், நீ அழவே இல்லியே ஆத்தா, என் மேல ஒனக்குப் பாசம் இல்லியான்னு.” சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

தாயின் அழுகை பிள்ளைக்குச் சுமை என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைக்கிறோம். அத்தைக்கு அது தைரியமாக இருந்திருக்கிறது. மறைத்த அழுகைதான் அவள் மகனுக்கு வலித்திருக்கிறது. தூரத்திலிருக்கும் பிள்ளைகள் பணமும் கமராவும் அனுப்பி, விடுமுறைக்கு டிக்கெட் போட்டு, டொக்டரிடம் போகச் சொல்லி, பெற்றவரின் துக்கத்தைத் தீர்க்கப் பார்க்கிறார்கள். இவையெல்லாம் வேண்டியவைதான். பசி கெட்டு, தூக்கம் கெட்டு, வாரக்கணக்கில் படுக்கையை விட்டு எழும்பாமல் கிடந்தால் அது வேறு விஷயம். அப்போது பேராதனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகவே வேண்டும், அல்லது தேசிய மனநல நிறுவகத்தின் 1926க்கு ஒரு அழைப்பு எடுக்க வேண்டும். ஆனால் சும்மா துக்கம் இருக்கிறதே, மகள் உட்கார்ந்த கதிரை வெறுமையாகக் கிடப்பதால் வருகிற துக்கம், அதற்கு மருந்தும் வேண்டாம், மறுப்பும் வேண்டாம். கேட்க ஆள் வேண்டும். முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் 2000இலேயே வந்துவிட்டது. கவனிக்காத பிள்ளையிடம் பெற்றவர் ஜீவனாம்சம் கேட்கலாம். கேட்டுக்கொண்டிருக்கச் சொல்லி எந்தச் சபையும் உத்தரவு போட முடியாது.

பக்கத்திலேயே இருக்கிற பிள்ளையைப் பற்றியும் சொல்லிவிடவேண்டும். எங்களுக்கு ஒரு மகனும் உண்டு. கண்டி நகரத்தில் கடையில் கணக்கு எழுதுகிறான். அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போவது, காஸ் சிலிண்டர் மாற்றுவது, கமராவின் வைஃபை போனால் சரி செய்வது எல்லாம் அவன்தான். கிளினிக் வரிசையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அம்மா மகளைப் பற்றிப் பேசுவாள். அவன் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. அப்பாயி காலத்தில் இந்தப் பாரம் லயம் முழுக்கப் பகிர்ந்து கிடந்தது. என் அப்பாவுக்குப் பங்கு கொஞ்சம்தான் வந்தது. இப்போது அது ஒருவன் தலையில். 2012 கணக்கெடுப்பிலேயே இந்த நாட்டில் அறுபது தாண்டியவர்கள் 12.4 வீதம், தொகை ஏறிக்கொண்டே போகிறது. போகிற பிள்ளைகளைப் பற்றித்தான் எல்லாரும் எழுதுகிறோம், என்னையும் சேர்த்து.

போன வருடம் மார்ச்சில் ஒரு ஞாயிறு. மகள் வழக்கம்போல அழைத்தாள். அத்தை சொன்னதை நான் அவளுக்கு எழுதியிருந்தேன், அதனாலோ என்னவோ, “என்ன சாப்பிட்டீங்க” என்பதற்குப் பதிலாக வேறொன்று கேட்டாள்: “அம்மா, அன்னைக்கு நான் உள்ள போனதுக்குப் பிறகு நீங்க என்ன செஞ்சீங்க?”

மனைவி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொல்லத் தொடங்கினாள். கண்ணாடிக்கு வெளியே இன்னும் முக்கால் மணித்தியாலம் நின்றது. எந்த விமானம் என்று தெரியாமல் மேலே போன ஒவ்வொன்றையும் பார்த்தது. வேனில் மகள் இருந்த சீட்டில் யாரும் உட்காராமல் பையை வைத்தது. அம்பேபுஸ்ஸவில் நிறுத்தித் தேத்தண்ணி வாங்கி, யாரும் குடிக்காமல் ஆறவிட்டது. கடுகண்ணாவையில் மழை. வீட்டுக்கு வந்து கட்டிலில் கிடந்த தராசை உள்ளே வைத்தது. இதையெல்லாம் அவள் என்னிடமே சொன்னதில்லை. நானும் அதே வேனில்தான் வந்தேன். சொல்லிக்கொண்டே அழுதாள், சத்தமாக. மகளும் அழுதாள். ‘ஏன் அழுறீங்க’ என்று யாரும் கேட்கவில்லை. முகம் கழுவாத, பொட்டு வைக்காத நாற்பது நிமிடம்.

“அந்தச் சீனிச் சம்பல் என்னாச்சும்மா?” என்று கடைசியில் மகள் கேட்டாள்.

“ஃபிரிட்ஜ்லதான் இருக்கு.”

“இன்னுமா? எடுத்துச் சாப்பிடுங்களேன்.”

அன்றிரவு பாணுக்குச் சீனிச் சம்பல் இருந்தது. மகன் இரண்டு தடவை போட்டுக்கொண்டான்.